‘சுளுக்குதான்’ என்று சொல்வதற்கு முன்

பங்குனி பிறந்துவிட்டால் சத்தியமங்கலம் வட்டாரத்தில் கால்களுக்கு ஓய்வு கிடையாது. பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு ஊர் ஊராக விரதம் இருப்பார்கள். மாரியம்மன் கோயில்களில் கம்பம் நட்டு, பறைச் சத்தத்துக்கு இளவட்டங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நள்ளிரவு தாண்டியும் ஆடுவார்கள். பெருஞ்சலங்கை ஆட்டம் இன்னும் உயிரோடிருக்கும் ஊர்களில் பையன்களின் காலில் கனத்த சலங்கை ஏறும். வள்ளி கும்மிக்குப் பெண்பிள்ளைகள் ஒரே நிறப் புடவையில் வட்டம் கட்டுவார்கள். அந்தக் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவற்றோடு, பள்ளி லீவில் இரட்டிப்பு நேரம் ஓடும் பரதநாட்டிய வகுப்புகள் வேறு.

இத்தனை கால்கள் ஆடினால் சில கால்கள் பிசகத்தான் செய்யும். பிசகியதும் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. “சுளுக்குதானுங்க, ராத்திரி வழிச்சு விட்டா காலைல சரியாப் போயிரும்” என்று யாராவது சொல்வார்கள். விளக்கெண்ணெய் காயும். இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு பெரியம்மாவைத் தேடிப் போவார்கள். அவர் கைபட்டால் சுளுக்கு இறங்கும் என்பது நம்பிக்கை. பத்துக்கு எட்டு ஒன்பது தடவை பெரியம்மா ஜெயித்தும் விடுவார். ஏனென்றால் அது நிஜமாகவே சுளுக்காகத்தான் இருக்கும். இந்தக் கட்டுரை மிச்சமுள்ள தடவைகளைப் பற்றியது.

திருச்சி, 1981

கால் முறிந்த இளம் நடனக்காரர் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய பெயர் சுதா சந்திரன். மும்பையில் வளர்ந்து, சிறு வயதிலிருந்தே மேடையேறியவர். 1981 மே மாதம் திருச்சிப் பக்கம் நடந்த ஒரு பேருந்து விபத்தில் அவரது காலில் அடிபட்டபோது வயது ஏறக்குறைய பதினாறு. அந்த விபத்தில் மற்றவர்களுக்குப் பட்ட அடியோடு ஒப்பிட்டால் அவருடையது பெரிய காயமே இல்லை. வலது காலில் எலும்பு முறிவு, கணுக்கால் பக்கம் ஒரு சின்னக் கிழிசல். அவரே பல பேட்டிகளில் சொல்லியிருப்பதன்படி, அந்தக் கிழிசலைச் சரியாகக் கவனிக்காமல் அதன் மேலேயே மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டுக்குள் காயம் அழுகியது. பின்பு சென்னைக்குக் கொண்டுபோனபோது சதை அழுகல் மேலேறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பின் நடந்ததை நாடறியும். ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960-களின் கடைசியில் உருவாக்கிய ரப்பர் பாதம் ஒன்று இருந்தது. வெறுங்காலோடு நடக்க, குந்தி உட்கார, சம்மணம் போட ஏற்றது. அதே 1981-ல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சுதா அவரைத் தேடிப் போனார். புதுக் காலோடு ரத்தம் கசியப் பழகி, 1984 ஜனவரியில் மும்பை மேடையில் மறுபடி ஆடினார். சிங்கீதம் சீனிவாசராவ் அந்தக் கதையை ‘மயூரி’ என்று படமாக்கினார். கதாநாயகியாக சுதாவே நடித்தார்.

நாற்பது வருடமாக இதைத் தன்னம்பிக்கைக் கதையாகவே பள்ளி ஆண்டுவிழாக்களில் சொல்லி வருகிறோம். அந்தப் பெருமை அவருக்கு முழுக்கத் தகும். ஆனால் கைதட்டலில் ஒரு விஷயம் அமுங்கிப் போகிறது. எலும்பு முறிந்ததால் அவருக்குக் கால் போகவில்லை. முறிந்த பின் வந்த முதல் சில நாட்களில்தான் போனது. செயற்கைக் கால் செய்தவரின் பெயர் தெரிந்த நமக்கு, மாவுக்கட்டுக்குள் என்ன ஆனது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

கணுக்காலில் எலும்புக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருப்பது தோல் மட்டும்தான். தொடையில் இருப்பது போன்ற சதைப் போர்வை அங்கே கிடையாது. முறிவுக்கு அருகே தோல் கிழிந்திருந்தால், அது அரை அங்குலம்தான் என்றாலும், திறந்த முறிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காயத்தின் அளவையும் அழுக்கையும் வைத்து இவற்றைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்காவில் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் 1976-லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக். டெட்டனஸ் ஊசி. தியேட்டரில் காயத்தைத் திறந்து கழுவி, செத்த திசுவை வெட்டி எடுப்பது. காயத்தைத் தினம் பார்க்க வழி வைத்து எலும்பை நிறுத்துவது. வரிசை இதுதான். முழுதும் மூடிய மாவுக்கட்டு இதில் எங்கேயும் வராது.

சத்தியமங்கலத்திலிருந்து கோவை 70 கிலோமீட்டர். அந்த 70 கிலோமீட்டருக்கு அப்பால், மேட்டுப்பாளையம் ரோட்டில், இந்த விஷயத்தில் உலகம் கவனித்த ஒரு வேலை நடந்திருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், கீழ்க்காலில் மோசமாகத் திறந்த முறிவோடு வருபவரின் காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவெடுக்க ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006-ல் பிரிட்டிஷ் எலும்பு அறுவைச் சிகிச்சை இதழில் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். நோயாளியின் வயது, சர்க்கரை, வந்து சேர்ந்த தாமதம் போன்றவற்றுக்குக் கூடுதலாக இரண்டிரண்டு. மொத்தம் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் எடுப்பதே நல்லது. நடுவில் உள்ளவர்களுக்கு அனுபவமுள்ள மருத்துவர் நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். சுதாவுக்குப் பட்ட மாதிரியான ஆரம்பக் காயத்துக்கு இந்தக் கணக்கே தேவைப்படாது; கழுவிவிட்டிருந்தால் போதும்.

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊர் பேர் பார்க்காத திட்டம், வெளிமாநிலத்தாருக்கும் உண்டு. ஆட்டம் முடிந்து வேனிலோ டூவீலரிலோ திரும்பும் பிள்ளைகளின் வீட்டார் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு மில்லிமீட்டர்

பேருந்து விபத்து எல்லோருக்கும் வராது. ஆடும்போது வரும் முறிவுக்கு வருவோம்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உள்பக்கம் பருமனான டிபியா, வெளிப்பக்கம் ஒல்லியான ஃபிபுலா. இவற்றின் கீழ்நுனிகள்தான் கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் புடைப்புகள். இரண்டும் சேர்ந்து ஒரு நிலைச்சட்டம் போல நிற்க, அதற்குள் கதவாகப் பாதத்தின் மேலெலும்பான தாலஸ் முன்னும் பின்னும் ஆடுகிறது. சட்டம் கொஞ்சம் விலகினாலும் கதவு சரியாக உட்காராது. எவ்வளவு கொஞ்சம்? தாலஸ் ஒரே ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்ந்தால், டிபியாவும் அதுவும் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் 1976-ல் அளந்து காட்டினார்கள். உடம்பின் மொத்தப் பாரமும் மீதிப் பரப்பில் இறங்கும். அரைமண்டியில் அரை மணி நேரம் தட்டடவு போடுகிற பெண்ணுக்கு இதன் அர்த்தம், இருபத்தைந்து வயதில் மூட்டுத் தேய்மானம்.

குதித்து இறங்கும்போது பாதத்தின் வெளி விளிம்பு முதலில் தரையில் பட்டு உள்பக்கம் மடங்குவதுதான் வழக்கமான விபத்து. குதித்து மெட்டடவில் களைத்த கால், கம்பத்தாட்டத்தில் இருட்டில் தெரியாத குழி, கும்மியில் பின்னால் வருகிறவளின் புடவை. காரணம் எதுவானாலும் பாதம் மடங்கும் திசை ஏறக்குறைய ஒன்றுதான். வெளிப்பக்கத் தசைநார் கிழிந்தால் அது சுளுக்கு. தசைநார் தாங்கி, எலும்பு விட்டுக்கொடுத்தால் முறிவு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம், ஒரே நீலம்.

பெரிய மருத்துவருக்கே இது பிடிபடாமல் போயிருக்கிறது. பிரிட்டனின் எலும்பு மருத்துவத்துக்குத் தந்தை எனலாம், சர் ராபர்ட் ஜோன்ஸ். ஒரு நாள் நடனமாடும்போது குதிகால் தரையில் படாத நேரத்தில் பாதத்தின் வெளி விளிம்பில் மிதித்துவிட்டார். பாதத்தின் நடுவே ஏதோ விட்டுப் போனது போலிருந்தது. தசைநாண் அறுந்துவிட்டது என்றே முதலில் நினைத்தார். எக்ஸ்ரே வந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது. படம் எடுத்துப் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பகுதி முறிந்திருந்தது. தன் காலையே முதல் உதாரணமாக வைத்து 1902-ல் அவர் எழுதிய கட்டுரையால் அந்த முறிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் அது சேரவும் அடம்பிடிக்கும். அதே எலும்பின் நடுத்தண்டு திருகலாக முறிவதும் உண்டு. அதை ‘நடனக்காரர் முறிவு’ என்றே மருத்துவ உலகம் அழைக்கிறது. இரண்டும் பாத எலும்பில் வந்தாலும், வீட்டில் சொல்லும்போது “கணுக்கால் பிசகிடுச்சு” என்றுதான் சொல்வார்கள்.

ராபர்ட் ஜோன்ஸுக்கே படம் தேவைப்பட்டது என்றால் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கும் நாம் எம்மாத்திரம்?

நான்கு அடி நடந்து காட்டு, கண்ணு

எந்தக் காலுக்கு எக்ஸ்ரே வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீலும் கூட்டாளிகளும் 1992-ல் வகுத்தது. இருபுறப் புடைப்பின் பின் விளிம்பையும் நுனியையும், கீழிருந்து ஆறு சென்டிமீட்டர் வரை, விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எலும்பின் மேலேயே வலித்தால் படம் எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், பிறகு பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நொண்டி நடந்தால் பரவாயில்லை. அதுவும் நடையாகவே சேரும். பாதத்தில் என்றால் சுண்டுவிரல் எலும்பின் அடியிலும், உள்வளைவின் மேட்டிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஐந்து ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இது நன்றாகவே வேலை செய்கிறது.

அங்கே இந்த விதியை உண்டாக்கியது, தேவையில்லாமல் எடுக்கும் எக்ஸ்ரேக்களைக் குறைப்பதற்காக. நம் ஊரில் இதன் பயன் தலைகீழ். எடுக்கவே போகாதவர்களை எடுக்க வைக்க இது உதவும். நடனம் சொல்லித்தரும் ஒவ்வொருவரும், கும்மி ஆசிரியர் உட்பட, இந்த ஒரே சோதனையைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். சோதித்து முடியும்வரை யாரும் காலை வழிக்கவோ உருவவோ கூடாது. சலங்கையை உடனே கழற்றிவிட வேண்டும். வீங்கின பின் கழற்றுவது சிரமம். ஐஸைத் துணியில் சுற்றி வைக்கலாம், காலை உயர்த்தி வைக்கலாம், அட்டையோ மடித்த செய்தித்தாளோ வைத்து அசையாமல் கட்டலாம்.

படம் எடுக்கும்போது நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காலைச் சற்று உள்பக்கம் திருப்பி ஒன்று என மூன்று வேண்டும். மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் தெரிவது மூன்றாவதில்தான். இரண்டோடு அனுப்பிவிட்டால் மூன்றாவதைக் கேட்டு வாங்குவதில் தப்பில்லை.

இனி, இளம் நடனக்காரருக்கே உரிய சிக்கல். வளரும் எலும்பின் நுனிக்கருகில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கிருந்துதான். டொராண்டோவின் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-ல் அதில் வரும் முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் மருத்துவர் எழுதும் சீட்டில் அவர்கள் பெயரைப் பார்க்கலாம். கணுக்காலில் பெண்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் பையன்களுக்கு 16 வயதிலும் இந்தத் தட்டு மூடும். ஒரே நாளில் மூடாது. ஒன்றரை வருடம் பிடிக்கும். முதலில் நடு, பிறகு உள்பக்கம், கடைசியில் வெளிப்பக்க முன் மூலை. அந்தக் கடைசி மூலை மட்டும் திறந்திருக்கும் காலத்தில் பாதம் திருகினால், தசைநார் அந்த மூலையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பிரெஞ்சு மருத்துவர் டியோவின் பெயரால் வழங்கும் முறிவு இது. இதன் சிக்கலான உடன்பிறப்பு ஒன்று மூன்று தளங்களில் பிளக்கும். இரண்டுமே மூட்டுப் பரப்புக்குள் போகிறவை. சாதாரண எக்ஸ்ரேயில் இடைவெளி குறைவாகத் தெரியும் என்பதால் சி.டி. ஸ்கேன் எடுத்துத்தான் அளப்பார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை.

இந்த முறிவுகள் அதிகம் வருவது 12 முதல் 15 வயதுக்குள். நம் பக்கத்தில் அரங்கேற்றம் வைக்கிற வயதும் அதுவே. உடம்பு சட்டென்று உயர்ந்து, கை கால் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கே பிடிபடாத அந்தப் பருவத்தில்தான் வகுப்பு வாரத்துக்கு இரண்டிலிருந்து ஆறாகிறது. எதிர்மாறான தவறும் உண்டு. வெளிப்பக்க வளர்தட்டின் மேல் அழுத்தினால் வலி, எக்ஸ்ரே சுத்தம் என்றால், முன்பு கண்ணுக்குத் தெரியாத முறிவு என்று கொண்டு வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அவற்றில் பெரும்பாலானவை தசைநார்க் காயம்தான் என்று தெரிந்திருக்கிறது. கழற்றி மாட்டும் பிரேஸே இப்போது போதும் என்கிறார்கள். எல்லா வலிக்கும் கட்டுப் போடச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு முடிவு செய்யத்தான் சொல்கிறேன்.

கட்டு

விலகாத முறிவுக்கு முழங்காலுக்குக் கீழே நான்கிலிருந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. விலகியதை மயக்கத்தில் இழுத்துப் பொருத்திக் கட்டுவார்கள். பொருந்தாவிட்டால் பிளேட், ஸ்க்ரூ. வளரும் பிள்ளைக்கு ஸ்க்ரூவை வளர்தட்டுக்கு இணையாகப் போடுவார்கள், குறுக்கே போட மாட்டார்கள். வேறு வழியில்லை என்றால் வழுவழுப்பான கம்பியை வைத்துச் சில வாரங்களில் உருவிவிடுவார்கள்.

கொங்கு நாட்டில் நாட்டு வைத்தியக் கட்டைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு. பல குடும்பங்கள் தலைமுறையாக இதைச் செய்கின்றன, ஜனங்கள் நம்பிப் போகிறார்கள். நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது: விலகாத முறிவு அசையாமல் இருந்தால் எந்தக் கட்டிலும் சேரும், பிள்ளைகளுக்கு விரைவாகவே சேரும். செலவும் குறைவு. ஆனால் மூட்டுக்குள் போன முறிவையும் வளர்தட்டு முறிவையும் தடவிப் பார்த்து யாராலும் அளக்க முடியாது. இரண்டாவது ஆபத்து, இறுக்கம். வீங்குகிற காலை இறுக்கிக் கட்டினால் தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் நிற்கும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை சாகத் தொடங்கும். மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு. ஆஸ்பத்திரி என்பதால் விலக்கில்லை. கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடினால், விரலை லேசாக நிமிர்த்தினாலே பிள்ளை கத்தினால், விரல்கள் மரத்தாலோ வெளுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டிலிருந்து வாடை வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அப்படித்தான். திருச்சிக் கதையின் நடுப்பகுதி அந்த வாடைதான்.

விழாமலே முறிகிற எலும்பும் உண்டு. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் மாதக்கணக்கில் தட்டினால் பாத எலும்பிலோ ஃபிபுலாவிலோ மயிரிழை விரிசல் விழும். ஆடும்போது வலித்து, உட்கார்ந்தால் போய்விடும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாது. மரத்தரையோ, அடியில் மெத்தென்ற விரிப்போ இல்லாத வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குபவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. தரையோடு தட்டையும் பார்க்க வேண்டும். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போகும், எலும்பு மெலியும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்த ஆற்றல் குறைபாட்டுக்குத் தனிப்பெயரே வைத்து எச்சரித்தது. இந்த வயதில் தினம் 1,000 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வேண்டும். தாளவாடி மலையில் விளையும் ராகியில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் வரை இருக்கிறது. களியைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைக்குத் தோசையாக ஊற்றலாம்.

தேதி குறிப்பதற்கு முன்

கட்டுப் பிரித்த அன்றே வீட்டில் ஆரம்பிக்கும் கேள்வி, “எப்பங்க ஆடலாம்?” மண்டபத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் முன்பணம் போயிருக்கும், அதனால் அந்த அவசரம் புரிகிறது. எலும்பு சேர ஆறு வாரம் என்றால், கெண்டைக்கால் பழைய பலத்துக்கு வர இன்னும் அவ்வளவு, சமநிலை திரும்ப அதற்கும் மேல். அறுவைச் சிகிச்சை என்றால் நான்கிலிருந்து ஆறு மாதம் ஒதுக்கி வைப்பதே யோக்கியம். காலண்டரைவிடக் காலே நல்ல சாட்சி. அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை இருபத்தைந்து முறை உயர்த்த முடிய வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்க வேண்டும். ஒற்றைக்காலில் குதித்து வலியில்லாமல் இறங்க வேண்டும். நல்ல காலோடு ஒப்பிட்டு அதில் பத்துக்கு ஒன்பது பங்காவது வந்திருக்க வேண்டும்.

அதுவரை வகுப்பை விட வேண்டியதில்லை. உட்கார்ந்தபடி அபிநயம், முத்திரை, தாளம், ஜதி சொல்லுதல் எல்லாம் கட்டோடு இருக்கும்போதே செய்யலாம். தவறவிட்ட பாடங்களை முடித்துக்கொள்ள இது நல்ல சமயமும்கூட. பிறகு விளம்ப காலத்தில் தட்டடவு, அடுத்து நாட்டடவு. குதித்து மெட்டும் முழுமண்டியும் கடைசியில்தான்.

வளர்தட்டு முறிந்திருந்தால் ஆட ஆரம்பித்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். ஆறு மாதம் கழித்து ஒன்றும், பிறகு வருடத்துக்கு ஒன்றுமாக வளர்ச்சி முடியும்வரை எக்ஸ்ரே எடுத்து இரண்டு கணுக்காலையும் ஒப்பிட வேண்டும். தட்டு ஒரு பக்கம் முன்னதாகவே மூடிக்கொண்டால் கால் கோணும், இல்லை குட்டையாகும். ஆரம்பத்தில் கண்டால் சின்ன அறுவைச் சிகிச்சையில் திருத்தலாம், பதினேழு வயதில் கண்டால் எலும்பையே வெட்டித் திருப்ப வேண்டும். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையை, ஒரு நாள் கூலியை விட்டு, திம்பம் மலைப்பாதையின் 27 வளைவும் இறங்கி, படம் எடுக்கக் கூட்டிவருவதற்குத் தாளவாடிக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. மருத்துவரிடம் கடைசியாகப் போகும் அன்றே அடுத்த படத்தின் மாதத்தைச் சீட்டில் எழுதி வாங்கி, பழைய படங்களோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள். அரங்கேற்றத் தேதியைக் குறிக்கும்போது அந்த உறையையும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.